கீழே விரித்த பூமி

எங்கள் பால்வாடிச் சுவரில் இப்போது பெயிண்டரை வைத்துப் பூமிப் படம் வரைந்திருக்கிறார்கள். நீலமும் பச்சையுமாகப் பளபளவென்று ஒரு உருண்டை. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கண்ணில் நிற்பது, மாற்றலாகிப் போன டீச்சரம்மா பிள்ளைகளை வைத்துச் செய்த பூமிதான். அந்த அம்மாவிடம் நான் ஆயாவாக இருந்தேன். சோறாக்குவேன், பிள்ளைகளைக் கழுவிவிடுவேன், படம் ஒட்டப் பசையும் காய்ச்சுவேன். என் மைதாப் பசையில் ஒட்டியது கிழியுமே தவிரப் பெயராது. சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?

பூமிக்கு ஒரு நாள் கொண்டாட வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. டீச்சரம்மா பெரிய அட்டையில் வட்டம் போட்டு, வீட்டருகே கிடப்பதை எடுத்துவரச் சொன்னார். வேப்பிலை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் தோல், கோழி இறகு எல்லாம் வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மட்டும் கை நிறைய ஜல்லிக் கல் கொண்டுவந்தாள். அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அம்மா குவாரிக்குக் கிளம்பினால் அழுதுகொண்டே பின்னால் ஓடுவாள். "இன்னிக்கும் இங்க நிக்கலன்னா என்கூடவே இட்டும்போறேன் டீச்சர். வெடி வைக்கிற எடம், இன்னா பண்றது" என்று காலையில்தான் அந்தத் தாய் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அட்டையைச் சுவரில் மாட்டியதும் கல்லெல்லாம் பொட்டுப் பொட்டென்று உதிர்ந்தது. கெட்டியாகக் காய்ச்சிப் பார்த்தேன், அப்போதும் நிற்கவில்லை. "கல்லு போயி ஒட்டுமாடி, லூசு" என்று ஒருத்தி சிரித்தாள். இவள் கல்லைப் பொறுக்கிப் பாவாடையில் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"உங்க பசையும் தோத்துடுச்சா ஆயாம்மா" என்று என்னைச் சீண்டிய டீச்சரம்மா, அட்டையைக் கழற்றித் தரையில் விரித்தார். "பூமி கீழதான இருக்குது. கீழயே கெடக்கட்டும். வையிம்மா."

அவள் கல்மேல் கல்லாக அடுக்கினாள். எங்கள் செஞ்சி மலைகளும் அப்படித்தானே இருக்கின்றன.

மதியம் பார்வையிட வந்த அதிகாரி, "சுவத்துல மாட்டுங்கம்மா, போட்டோ எடுக்கணும்" என்றார்.

"மாட்டினா மலை வுழுந்துடும் சார்" என்றார் டீச்சரம்மா.

செல்போனைப் பிடித்தபடி அவர் வட்டத்தைச் சுற்றி வந்தார். பூட்ஸ் கல்லை நெருங்கியபோது கீழேயிருந்து ஒரு குரல்: "யோவ், மெதிக்காத. எங்க மலை அது."

அந்தப் பிள்ளை பேசி நாங்கள் கேட்ட முதல் பேச்சு அதுதான். டீச்சரம்மா அதட்டவில்லை. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அதிகாரி வெளியே போய்ப் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் தாய் வந்து கூப்பிட்டாள். பிள்ளை எழுந்திருக்கவில்லை. "யாருனா மெதிச்சிடுவாங்க" என்று அட்டையருகிலேயே உட்கார்ந்திருந்தாள். தாய் கல் தூசி படிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.