போஞ்சி வேரில் கட்டி

யூரியா எங்கும் கிடைக்காமல் போன வருஷம் அது. கொட்டகலைக் கடைகளில் உரத்தைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. அம்மா அசரவில்லை. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் எங்களுக்கிருந்த சிறு நிலத்தில் முன்யோசனையாக பீன்ஸ், எங்கள் பேச்சில் போஞ்சி, போட்டிருந்தாள். போஞ்சி முடிந்ததும் கோவா, அதாவது முட்டைக்கோஸ். அந்தக் கோவாவை விற்றுத்தான் அக்காவை ஹட்டனில் உயர்தர வகுப்புப் படிக்க வைப்பதாகப் பேச்சு.

"செடிய பிடுங்கிறாத புள்ள. மண்ணு மட்டத்துல அறுத்து, நறுக்கி, அங்கனயே போட்டு மூடு. வேரு உள்ளயே இருக்கட்டும், அதுலதான் சத்து. இந்த வாட்டி நமக்கு உரம் அதுதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கொழுந்து பறிக்கப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு அம்மா ஓடினாள்.

"கோதுமை வெளயிற சீமையிலயும் போஞ்சி மாதிரி பயறு போட்டுட்டுத்தான் கோதுமை வெதப்பாங்களாம், மருமகளே. நீ திங்கிற ரொட்டிக்கே பயறுதான் தாய்மாமன்!" என்றார் அம்மாவின் அண்ணனான மாமா. எந்தப் பேச்சிலும் தாய்மாமனை நுழைக்காமல் அவரால் இருக்க முடியாது.

எனக்கு அப்போது பத்து வயது. அறுக்கும்போது ஒரு செடி வேரோடு வந்துவிட்டது. வேர் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டிகள். போன போகத்தில் பக்கத்து வீட்டு அத்தையின் கோவா வேர் கட்டி கட்டியாக வீங்கித்தான் நிலம் முழுவதும் வாடியது. அத்தனையையும் பிடுங்கி எரித்துவிட்டு அவர் அழுததை நான் பார்த்திருந்தேன்.

சொன்னால் அம்மா உடைந்துபோவாள். நானே தீர்த்துவிடலாம் என்று ஒவ்வொன்றாய் வேரோடு பிடுங்கி, சாக்கில் திணித்து, ஆற்றில் கொட்டினேன். ஏழு நடை. குளவிக்கூடு இருந்த மூலைக்குப் போக மட்டும் பயம். அதைச் சாயங்காலம் அம்மாவே அறுத்து மூடினாள்.

"மத்ததெல்லாம் மூடிட்டியா?"

"ம்."

கோவா நட்ட பிறகு எனக்குத் தூக்கமே சரியில்லை. பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் ஒரு கன்றைத் தூக்கி வேரைப் பார்த்துவிட்டு மறுபடி நடுவேன். கட்டி இல்லை. ஆனாலும் கன்றுகள் மஞ்சளித்தன. இலை விரிந்ததே தவிர தலை கட்டவில்லை. எங்கோ ஒரு வேரை விட்டுவிட்டேன் என்று நகத்தைக் கடித்தேன்.

"என்னண்ணே, இப்படி ஏமாத்திருச்சு?" என்றாள் அம்மா.

மாமா குனிந்து ஒரு மஞ்சள் இலையைக் கிள்ளிப் பார்த்தார்.

குளவிக்கூட்டு மூலையில் மட்டும் ஏழெட்டுக் கோவா, கரும்பச்சையாய், இறுகி நின்றன. எனக்கு அவற்றைப் பார்க்கவே பயம். வியாதி அங்கேதான் ஒளிந்துகொண்டு கொழுக்கிறது! அம்மா ஒன்றை வறுத்து ரொட்டியோடு வைத்தபோது அக்காவின் தட்டைப் பிடித்து இழுத்தேன். "திங்காதக்கா!"

"ஏண்டி, வெசமா வச்சிருக்கு?" என்று சிரித்தபடி அக்கா என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் அவளும் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு அம்மாவோடு பெரட்டுக்குப் போனாள். அந்த மூலையையும் பிடுங்கியிருந்தால் அக்கா ஹட்டனுக்குப் போயிருப்பாள் என்றுதான், போஞ்சி வேரின் கட்டிகளே உரம் என்று வகுப்பில் படிக்கும்வரை, நினைத்துக்கொண்டிருந்தேன்.