சூளை மேல் வைத்த போன்

என் மனைவியின் போனைக் கெடுத்தவன் இளங்கோ அல்ல. நான்தான்.

மூன்று ஆண்டுகளாக இதை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். விருத்தாசலத்தில், செராமிக் கம்பெனிகள் இருக்கும் எங்கள் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் இளங்கோதான் கெடுத்தான் என்பார்கள். அப்படிச் சொல்ல வைத்தவன் நான். உங்களை எனக்குத் தெரியாது. என்னை உங்களுக்குத் தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன்... இதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கத்தான் செய்கிறது.

ஒரு நாள் காலையில் மல்லிகா போனை நீட்டினாள். "என்னங்க, இது ஆன் ஆவுது, அப்படியே நின்னுடுது. மறுபடியும் ஆன் ஆவுது" என்றாள். திரையில் கம்பெனிப் பெயர் வந்தது, அணைந்தது, மறுபடியும் அதே பெயர் வந்தது. சார்ஜரை மாற்றிப் பார்த்தேன். சிம்மையும் கார்டையும் கழற்றிப் பார்த்தேன். இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்ததில் ஒரு பட்டியல் வந்தது. அதில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று ஒரு வரி இருந்தது. விரல் அதன் மேல் போகவிடாமல் மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏன் என்று சொல்கிறேன். அவளுக்கு ஒரே தம்பி, சேகர். எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் முறைக்கு அவன்தான் மடியில் வைத்திருந்தான். குழந்தை அழுதது; அதைவிட அதிகமாக அவன் அழுதான். மல்லிகா சிரித்துக்கொண்டே அதை வீடியோ எடுத்தாள். அடுத்த ஆண்டே திட்டக்குடி சாலையில் பைக்கில் போனவன் உயிரோடு திரும்பவில்லை. அவனுடைய போட்டோக்கள் உண்டு. ஆனால் அவன் அசைவதும் பேசுவதும் அந்த ஒரு வீடியோவில் மட்டும்தான். அது போனுக்குள்ளேயே கிடந்தது. வேறெங்கும் எடுத்து வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

பஸ் நிலையத்துக்கு அருகில் இளங்கோ செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டான். மெல்லிய பிளேடால் போனின் முதுகைத் திறந்து பார்த்தான், உடனே மூடிவிட்டான்.

"பேட்டரி உப்பிக்கிச்சுண்ணே. அதான் நிக்க மாட்டேங்குது. போர்டு நல்லாத்தான் இருக்குது, உள்ள இருக்கறது ஒண்ணும் போவாது. பேட்டரி கடலூர்லேர்ந்து வரணும், ரெண்டு நாள் ஆவும். அதுவரைக்கும் வூட்ல வெச்சு கைய கிய்ய வெச்சிடாதீங்க. வீடியோவப் பாத்துட்டு நோண்டி எடுத்துனு வராங்க நிறைய பேரு."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கடையில் என் கம்பெனி ஆட்கள் இருவர் நின்றிருந்தார்கள், அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் சூளை பார்ப்பவன்! மின்சாரச் சாமானுக்கான பீங்கான் பியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் வேகும் சூளையின் ஓட்டை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்பவன். மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் இன்ஜினியர் என் முகத்தைப் பார்ப்பார். என்னிடம், கை வைக்காதே என்று ஒரு செல்போன் கடைக்காரன் சொல்வதா?

போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சரியாக ஒரு வாரம் ஆகும் என்று மட்டும் மல்லிகாவிடம் சொல்லிவிட்டு, பேட்டரியைக் கம்பெனி விலாசத்துக்கு ஆன்லைனில் வரவழைத்தேன். அவன் கேட்ட இரண்டு நாள் பொறுக்காத நான், அதற்காக ஆறு நாள் காத்திருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போன் ரிப்பேர் வீடியோ ஒன்றில் பார்த்தது நினைவில் இருந்தது. முதுகுப்பக்கம் பசை போட்டு ஒட்டியிருக்கும், ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் இளகும் என்றான் அதில் ஒருவன். என்னிடம் ஏது ஹேர் டிரையர்? எங்கள் கம்பெனியில் சூளையின் மேல்தளம்தான் எல்லாருக்கும் அடுப்பு. சாப்பாட்டு டப்பா அங்கேதான் சூடாகும். மழையில் நனைந்த சட்டை அங்கேதான் காயும். ஊறுகாய் பாட்டில் திறக்கவில்லை என்றால், அங்கே ஐந்து நிமிடம் வைத்துவிட்டுத் திருகுவோம். இருபது வருடப் பழக்கம்! ஒரு சாக்கை நான்காக மடித்து, அதன் மேல் போனைக் கவிழ்த்து வைத்தேன். பத்தே நிமிடம் என்று கணக்குப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து, சரக்கை அடுக்கிச் சூளைக்குள் தள்ளும் வண்டி அதன் தண்டவாளத்தில் சிக்கிக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து நெம்பினோம். போனின் நினைவு வந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

கையால் தொட முடியவில்லை. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம் அல்லவா? அப்படியே எடுத்துக்கொண்டு இளங்கோவிடம் ஓடியிருக்கலாம் அல்லவா? இந்த இடத்துக்கு வந்ததும் எத்தனையோ முறை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்... ஆற விட்டேன். ஆறியும் ஆறாமலும் இருக்கும்போதே, ஆள் இல்லாத மூலைக்குக் கொண்டுபோய் முதுகைக் கழற்றினேன்; வேகாத பச்சைமண் சரக்கின் ஓரம் சீவும் தகட்டை எடுத்துப் பேட்டரிக்கு அடியில் கொடுத்து நெம்பினேன்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். வெள்ளைப் புகை. தொண்டையைக் கமறவைக்கும் ஒரு நெடி. தூக்கி மணலில் எறிந்தேன். புகை அடங்கியபின் எடுத்துப் பார்த்தால் பாதி போர்டு கருகியிருந்தது. தகடு கீறிய கோடுகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. புது பேட்டரியை உடைந்த சரக்குக் குவியலுக்குள் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வழியெல்லாம் உண்மையைத்தான் ஒத்திகை பார்த்தேன், நம்புங்கள். வாசலில் மல்லிகா, "சரியாயிடுச்சாங்க?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். "கம்பெனியில சார்ஜ் போட்டேன், புகைஞ்சு போச்சு. அந்தப் பையன் தெறந்தப்பவே என்னமோ பண்ணிட்டான்" என்றேன்.

எனக்கு வாய் கூசவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

அவள் அழுவாள், இரண்டு நாளில் அடங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. மறுநாள் காலை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே அவன் கடைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். தடுக்கத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்வேன், பொய். அவன் என்ன சொல்லப்போகிறான் என்ற பயத்தில்தான் போனேன்.

"என் தம்பி அதுலதான் இருந்தான். உன்னை நம்பித்தானே குடுத்தோம்? இப்படிப் பண்ணிட்டியே, நீ நல்லாருப்பியா?" என்றாள் மல்லிகா. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

இளங்கோ என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நான் தெறந்து பாத்துட்டு அப்படியே மூடித்தானே குடுத்தேன்? அதுக்கப்புறம் நீங்க ஒண்ணும் தெறக்கலியே? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

யோசிக்க என்ன இருந்தது? ஒரு வார்த்தை போதும். என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி ஆட்களும் நின்றிருந்தார்கள்.

"நீ தொட்டதுக்கு அப்புறம் அத யாரும் தொடல" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் எங்கள் வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. அவனிடம் கொடுக்காதே, போர்டையே எரித்துவிடுவான் என்று பேசிக்கொண்டார்கள். நான் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. யாராவது என்னிடம் கேட்டால் பெருமூச்சு மட்டும் விடுவேன். அந்தப் பெருமூச்சே போதுமானதாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவன் கம்பெனி வாசலுக்கு வந்தான். ஆள் இளைத்திருந்தான். "சென்னையில ஒருத்தரு இருக்காருண்ணே. போர்டு வெந்திருந்தாலும் உள்ள இருக்கறத எடுத்துடுவாராம். அந்த போன குடுங்க, நானே கொண்டு போறேன். அக்காவோட தம்பி வீடியோ கெடச்சா போதும்" என்றான்.

போன் அப்போது என் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருந்தது. மல்லிகாவிடம் எறிந்துவிட்டதாகச் சொல்லியிருந்தேன். வீட்டில் வைத்தால் யாராவது பிரித்துப் பார்ப்பார்கள் என்று தினமும் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பை என் தோளில்தான் தொங்கியது. கொடுத்திருந்தால்? சேகர் திரும்பக் கிடைத்திருக்கலாம். ஆனால் திறந்த மறுநிமிடம் அந்தத் தகட்டுக் கோடுகளை இளங்கோ பார்த்திருப்பான்...

"தூக்கிப் போட்டாச்சுப்பா" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சொன்னான்: "நானும் ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேண்ணே. உப்பின பேட்டரி... தெறக்கறப்ப என் பிளேடு எங்கியாவது பட்டிருக்கும். எனக்கே தெரியாம பட்டிருக்கும். நீங்க ஏன் பொய் சொல்லப் போறீங்க? தப்பு என்னுதுதாண்ணே. அக்காகிட்ட சொல்லிடுங்க."

உங்களுக்குப் புரிகிறதா? அவன் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டான்! வருடக்கணக்கில் அந்தக் கையை நம்பிப் பிழைத்தவன், என் சொல்லை நம்பித் தன் கையைச் சந்தேகப்பட்டான். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் தோளில் கை போட்டு, "விடுப்பா, மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும்" என்றேன். அவனை நான் மன்னித்தேன்... நான், அவனை!

வீட்டில் சொன்னபோது மல்லிகா, "அந்தப் புள்ளய நானும் அவ்ளோ பேசியிருக்கக் கூடாது. உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்றாள். மூன்று ஆண்டுகளில் என்னைச் சுட்ட சொற்களில் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

இளங்கோ கடையைக் காலி செய்துவிட்டான். திட்டக்குடியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சென்னைக்கு இன்றும் அனுப்பலாம். வீடியோ கிடைத்தால், எப்படிக் கிடைத்தது என்று மல்லிகா கேட்பாள். இதை எழுதுகிற துணிச்சலில் நூறில் ஒரு பங்குகூட அவள் எதிரில் நிற்கும்போது வருவதில்லை. சேகரின் பெயரை அவள் எடுக்கும்போதெல்லாம் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திட்டக்குடி பஸ்ஸில் ஏறினேன். நெருக்கித் தள்ளும் கூட்டம். ஜன்னலோரத்தில் இருந்த ஒருவன் என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தான். இளங்கோ. தப்பு செய்தவன் எழுந்து நிற்பதைப் போல எழுந்து நின்றான்.

"உக்காருங்கண்ணே" என்றான்.

நான் உட்கார்ந்தேன். திட்டக்குடி வந்து சேரும்வரை அவன் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தான்.