பால்மா டின்னில் காளைகள்

விடிந்ததும் கிருஷ்ணகுமாரி முதலில் பார்ப்பது சிட்டுவின் வாலடியைத்தான். அதற்குப் பிறகுதான் முகம் கழுவுவதும் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டுவதும். கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இருபத்தாறு வருடமாகப் பால் வெட்டுகிறவள். குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடுகள் வைத்திருக்கிறாள்: கிழட்டுப் பசு கறுப்பி, அதன் கிடாரி சிட்டு.

அன்று விடியும்போதே சிட்டு கத்திக்கொண்டிருந்தது. வாலடியில் கண்ணாடி நூல் மாதிரி ஒழுக்கு. காளைக்கு வந்துவிட்டது. இனிப் பொழுது சாயும்வரைதான் நேரம். தவறினால் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்க இந்த முறை வழியில்லை. இரண்டு தடவை சினை ஊசி போட்டும் சிட்டுவுக்குச் சினை பிடிக்கவில்லை. "மூணாவது தடவையும் திரும்புச்சுன்னா வியாபாரிய வரச் சொல்லிருவேன். மலட்டு மாட்டுக்குப் புல்லறுக்க எனக்கு முதுகு இல்ல" என்று கணவன் உதயராஜ் சொல்லி முடித்திருந்தான். வியாபாரியின் லொறி ஏறிய மாடு எங்கே போகும் என்பது லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஊசி போடுகிற கஜேந்திரன் பகல் இரண்டு மணிக்குத்தான் மோட்டார் சைக்கிளில் வந்தான். அரை நாள் வேலையோடு ஓடிவந்த கிருஷ்ணகுமாரி அதுவரை வாசலிலேயே நின்றாள்.

"குமாரியக்கா, வெதுவெதுன்னு தண்ணி கொண்டாங்க. இன்னும் மூணு எடத்துக்குப் போகணும்."

குளிர்ப்புகை கக்கும் டாங்கிக்குள் இடுக்கியை விட்டு, விந்து அடைத்த மெல்லிய குழலொன்றை எடுத்துத் தண்ணீருக்குள் போட்டான்.

"தம்பி, நம்பர் என்னா?"

"எதுக்குக்கா? லொத்தர் டிக்கட்டா எடுக்கப் போறீங்க?"

"வாசிச்சுச் சொல்லுங்க."

குழலைத் துடைத்துக் கண்ணருகே பிடித்தான். "ஆறு, நாலு, ரெண்டு."

கிருஷ்ணகுமாரி உள்ளே போய்ப் பால்மா டின் ஒன்றை எடுத்துவந்தாள்.

அந்த டின்னுக்குக் காரணம் நான்கு வருடத்துக்கு முந்திய ஒரு கன்று. மல்லி என்ற கிடாரிக்கு அதன் அப்பன் காளையின் ஊசியையே தெரியாமல் போட்டுவிட்டார்கள். நம்பர் எழுதிய அட்டை கூரை ஒழுகி ஊறிப்போயிருந்ததில் யாருக்கும் நினைவில்லை. கன்று பின்னங்கால் இரண்டும் மடங்கிப் பிறந்தது. மூன்று நாள் அதைத் தூக்கித் தூக்கி முலையில் பிடித்தாள். மூன்றாம் நாள் தலை தொங்கிவிட்டது. அதற்குப் பிறகு அட்டையை அவள் நம்புவதில்லை. ஊசி போட்டதும் வெறுங்குழலைக் கேட்டு வாங்கிக் கழுவி, நம்பரெழுதிய கலண்டர் தாளில் சுற்றி டின்னில் போட்டு வைக்கிறாள்; கன்று பிறந்ததும் அதன் பேரையும் தாளில் எழுதுவாள்.

'சிட்டு' என்றிருந்த தாளைப் பிரித்தாள். உள்ளே இருந்த குழலில் 642.

"இதோட அப்பன்தான் அது."

உதயராஜுக்குச் சிரிப்பு வந்தது. "அடியே, மாட்டுக்கு என்னாடி முறை? தாலியா கட்டப் போவுது?"

"முறை பாத்துத்தானே மாமன் மகன்னு உங்களுக்குக் கட்டி வச்சாங்க? எங்கப்பனுக்கேவா கட்டி வச்சாங்க?"

கஜேந்திரன் சிரிக்கவில்லை. "அக்கா சொல்றது ஞாயம்தான். ஆனா இப்ப என் கையில இருக்கிறது இந்த ஒரு காளைதான். நாட்டுல இதுக்கு எத்தன ஆயிரம் பொட்டப்புள்ளைங்களோ, யாரு கண்டா? எல்லாக் கன்னும் அப்புடிப் பொறக்காதுக்கா. நல்லதாவும் பொறக்கலாம். உருக்குன குழலத் திரும்ப டாங்கிக்குள்ள வைக்க ஏலாது. போடவா, வேணாமா?"

அவள் சிட்டுவைப் பார்த்தாள். நெற்றியின் வெள்ளை முக்கோணம் அந்தச் சீமைக் காளையுடையது. முதுகின் சின்னத் திமிலும் கழுத்தடியில் ஆடும் அலைதாடியும் கறுப்பி கொடுத்தவை.

"வேணாம்."

"அப்ப லொறிதான்" என்றான் உதயராஜ்.

அவள் கயிற்றை அவிழ்த்தாள்.

கீழே சிங்களக் கிராமத்தில் சுமனிடம் புஞ்சா என்று ஒரு நாட்டுக் காளை உண்டு. குட்டை, செம்மண் நிறம், உயர்ந்த திமில். போத்தல் பால்கூடத் தேறாத வம்சம் என்று தோட்டமே கேலி பேசும். மழையும் அட்டைக்கடியும் உண்ணிக் காய்ச்சலும் கழித்துக் கழித்து மிச்சம் விட்ட வம்சம் அது. டின்னில் உள்ள எந்த நம்பருக்கும் சொந்தமில்லை.

ரப்பர் மலையை இறங்க முக்கால் மணி நேரம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாதி வழியில் சிட்டு கத்துவதை நிறுத்திவிட்டது. வேகம் அடங்கிவிட்டதோ என்று கிருஷ்ணகுமாரி நின்றாள். உள்ளங்கையால் அதன் இடுப்பை அழுத்தினாள். சிட்டு நகரவில்லை, வாலை ஒருபக்கம் ஒதுக்கியது. இன்னும் நேரம் இருக்கிறது. ஓடையில் இறங்க மறுத்ததை, தான் முதலில் முழங்காலளவு தண்ணீரில் நின்று இழுத்தாள்.

"மொகத குமாரி, மே வெலாவே?" என்று சுமன் வெளியே வந்தான். என்ன இந்த நேரத்தில் என்கிறான். அவள் மூச்சு வாங்க மாட்டைக் காட்டினாள். "ஆ, மகுல் கெதரயா! நம்ம புஞ்சாவுக்கு இன்னைக்குக் கல்யாணமா?"

"சீக்கிரம் அவுத்து விடுங்க சுமன் அய்யே. மழ வருது."

புஞ்சா மோந்து பார்த்தது. தாவியது. சிட்டு இரண்டடி முன்னே போய்விட்டது. மறுபடி தாவியது, மறுபடியும் விலகல். சுமன் உதட்டைப் பிதுக்கினான். கிருஷ்ணகுமாரி சிட்டுவின் தலையைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்தாள். "நில்லுடி. என் கண்ணுல்ல, நில்லு." மழையின் முதல் துளி விழுந்தபோது சிட்டு நின்றது; புஞ்சா ஏறி இறங்கியது.

கிளம்புமுன் காளையின் வாலிலிருந்து மூன்று மயிரைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இருபதாம் நாள் காலை வாலடியில் ஒன்றுமில்லை. இருபத்தொன்றாம் நாளும் இல்லை. இருபத்திரண்டாம் நாள் அவள் எழும் முன்பே உதயராஜ் டோர்ச்சோடு கொட்டிலுக்குப் போயிருந்தான். திரும்பி வந்தவன் கதவு நிலையில் நின்றான்.

"கத்தவும் இல்ல, ஒழுக்கும் இல்ல. படுத்து அசை போடுது. டோர்ச் அடிச்சதுக்கு என்னய முட்ட வருது."

"மூணு மாசத்துலதான் டாக்டர் கைய விட்டுப் பாத்து நிச்சயம் சொல்லுவாரு" என்றாள்.

அவன் போனை எடுத்து வெளியே நடந்தான். "ஓ, நான் உதயராஜ் பேசுறேன்... இல்ல, லொறி இப்ப வரவேணாம்... மூணு மாசம் போகட்டும், பாப்பம்" என்பது அவள் காதில் விழுந்தது.

கலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்தாள். மூன்று மயிரையும் முடிச்சிட்டு உள்ளே வைத்தாள். நம்பர் எழுதும் இடத்தில் 'புஞ்சா' என்று எழுதிச் சுற்றி டின்னில் போட்டாள். கன்றின் பேருக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு பால்வெட்டுக்குக் கிளம்பினாள்.