தனி அடுப்பு

விதி இதுதான்: ஓர் அடுப்பில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரு குடும்பம், தனி அடுப்பு எரிவதை நேரில் பார்த்தால் மட்டுமே தனி ரேஷன் கார்டு. யுத்த காலத்தில் அம்பத்தூரில் ரேஷன் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது மனப்பாடம். போன வாரம் முகப்பேரில் மகனுக்காக கேஸ் இணைப்புக் கேட்கப் போனேன். "தனி கிச்சன் இருக்கா சார்?" என்றான் ஏஜென்சிப் பையன். சட்டென்று என் மூக்கில் வறட்டிப் புகை ஏறியது.

மேனாம்பேட்டு முனுசாமிதான் நினைவுக்கு வந்தான். ஆவடியில் பட்டாளத்து டெப்போ வந்ததும் ஏரை விட்டுவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தவன். அவன் மனைவி கன்னியம்மா கோபித்துக்கொண்டு பூந்தமல்லியில் தாய்வீட்டில் இருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் கூடி அவர்கள் கல்யாணத்தைத் தீர்த்துவிடுவதாகப் பேச்சு. இருவரும் என் மேசைக்கு எதிரே நின்றார்கள்.

"எல்லாருக்கும் போட்டுட்டு கடைசில பானையக் கழுவிக் குடிக்கிறவ நானு" என்றாள் அவள். அளந்து வரும் அரிசியில் முனுசாமியின் அண்ணன்மார் குடும்பங்களும் சாப்பிட்டாக வேண்டும்.

"அடுப்பு ரெண்டானா ஊடு ரெண்டாயிடும்னு நைனா சொல்றாரு சார்" என்று அப்பாவைச் சாட்டினான் முனுசாமி.

"இப்ப நீயும் நானும் ரெண்டாயிக்கீறோமே, அது இன்னா கணக்காம்?"

நான் சட்டம் தெரிந்தவன் இல்லையா, தனிக் கார்டு கேட்டு மேலிடத்துக்கு ஓர் அழகான மனு எழுதினேன். அடுப்பைக் காட்டினால் கார்டு என்பது ஆபீஸ் நியாயம். முதலில் கார்டைக் காட்டட்டும், அப்புறம் அடுப்பைப் பார்க்கலாம் என்பது முனுசாமியின் அப்பா தட்டிக்கழித்த நியாயம். இரண்டுக்கும் நடுவே என் மனு சுகமாகத் தூங்கியது.

ஞாயிறன்று அடுப்பு விசாரணைக்கு மேனாம்பேட்டுக்கு நானே போனேன். மரத்தடியில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டெப்போ சம்பளம் வந்துதான் குடும்பங்கள் கெட்டன என்று ஒருவர் தொடங்கினார். அப்போது தெருவில் கன்னியம்மா வந்தாள், தலையில் ஒரு மண் அடுப்போடு. யாரையும் பார்க்காமல் நேரே புகுந்த வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரம் போய் இறக்கிவைத்தாள்.

மாமியார் ஓடிவந்தாள். "உங்கப்பன் ஊட்லேர்ந்து அடுப்பத் தூக்கினு வந்தியா? வெக்கமா இல்ல?"

"அடுப்புதான் அப்பன் ஊட்டுது அத்தே. நெருப்பு உன்னுது. ரெண்டு கங்கு குடு."

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் மாமியாரும் பானையைக் கழுவிக் குடித்தவள்தானே. உள்ளே போனாள். மாமனார் "ஏய்!" என்று அதட்ட அதட்ட, கரண்டியில் கங்கு கொண்டுவந்து அந்த அடுப்பில் போட்டாள். "களியக் கட்டி தட்டாம கிண்டு" என்று ஓர் அதிகாரமும் செய்தாள்.

தீர்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் பெரியவர்கள் துண்டை உதறி எழுந்தார்கள். நான் அறிக்கையில் எழுதினேன்: "தனி அடுப்பு உண்டு. சூடாகவும் உண்டு." பிற்பாதிக்காக மேலதிகாரி என்னிடம் விளக்கம் கேட்டார்.

ஊரில் அதற்குப் பிறகு எத்தனையோ அடுப்புகள் பிரிந்தன. குடும்பம் உடைகிறதென்று புலம்பியவர்கள் இருந்தார்கள். என் கண்ணுக்குத் தெரிந்து, பிரிந்த அந்த அடுப்புதான் ஒரு குடும்பத்தை ஒட்டவைத்தது. இன்று அந்த மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் லேத்துப் பட்டறை ஓடுகிறது. அடுத்த வீட்டில் கங்கு கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை.

என் அழகான மனுவுக்கு, என் அறிக்கையைக் காணாத ஏதோ ஒரு மேலிடத்து மேசையிலிருந்து கடைசியில் பதில் வந்தது: "தனி அடுப்பு நிரூபிக்கப்படவில்லை, நிராகரிக்கப்படுகிறது." அதை எடுத்துக்கொண்டு மேனாம்பேடு போனேன். கன்னியம்மாவின் அடுப்படியில் இலை முன் உட்கார்ந்து, மாமனார் இரண்டாவது முறை சோறு கேட்டுக்கொண்டிருந்தார். அன்று, மறு வருஷத்து ஆடிப் பதினெட்டு விருந்து.