நடு சீட்டில் உட்கார்ந்தவர்

காக்களூர் பக்கம் ஒரு கார் ஷோரூமில் சில மாதம் வண்டி கழுவினேன். அங்கே ஒரு சேல்ஸ்மேன் இருந்தார். ஒல்லியான ஆள், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. மற்றவர்கள் வாடிக்கையாளரை ஸ்டியரிங் பக்கம் கூட்டிப்போவார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டின் நடுவில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

இளவட்டங்கள் பறக்கிற வண்டி என்று பேர் வாங்கியிருந்த காரைக் கம்பெனி அப்போதுதான் விளம்பரத்தில் குடும்ப வண்டி ஆக்கியிருந்தது. விளம்பரப் பலகையில் புழுதி கிளப்பிய பையன் போய், அப்பா, அம்மா, பிள்ளைகள் சிரித்தார்கள். ஷோரூமுக்குத்தான் குடும்பங்கள் வரவில்லை. அந்த மாதம் ஒரு வண்டியாவது விற்காவிட்டால் இவருக்கு வேலை போய்விடும்.

மாதக் கடைசி நாளில் ஊத்துக்கோட்டைப் பக்கத்து நெல் விவசாயி ஒருவர், மனைவியோடும் மூன்று மகள்களோடும் வந்தார்.

"இன்னாங்க, இது பசங்க சர்ருனு போற வண்டியாச்சே?" என்றார் மனைவி.

"போஸ்டரத்தாம்மா மாத்திகினாங்க. வண்டி அதேதான்," என்றார் இவர், நடு சீட்டிலிருந்தே. மேனேஜர் முறைத்தார்.

"அங்க உக்கார சௌகரியமா இருக்குமா?"

"இல்லம்மா, முட்டி இடிக்குது. சின்ன பாப்பாவுக்குத்தான் சரிப்படும்."

"நான் நடுவுல உக்கார மாட்டேன்!" என்று சின்னவள் கத்த, மற்ற இருவரும் அவளைப் பிடித்துத் தள்ள, ஷோரூமே அதிர்ந்தது.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "இப்பவே சண்ட போட்டுக்கினு நிக்குதுங்க. இது நம்ம ஊட்டு வண்டிதான், எடுத்துடுங்க."

அவர்கள் கையெழுத்துப் போட்டதும் இவர் வெளியே ஓடிவந்து, சோப்பு நுரையோடு நின்ற என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். வேலை போகாமல் தப்பியதற்காக அவ்வளவு சந்தோஷமாக நனைந்த மனிதரை வேறெங்கும் பார்க்கவில்லை.