பூனையக்கா கட்டிய முடிச்சு

எங்கள் சாலையில் பூனை வளர்க்காத ஒரே ஆள் பூனையக்காதான். பூனை இருந்தால் அதற்குச் சோறு வைக்க வேண்டும், மிச்சச் சோற்றுக்கு எலி வரும் என்பார். ஆனாலும் எலியை அண்டவிடாத ஆள் என்பதால் அந்தப் பெயர்தான் அவருக்கு நிலைத்துவிட்டது. எனக்கு அவரைவிட இரண்டு மூன்று வயது கூடத்தான் இருக்கும். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் பெரியவர் என்ற பஞ்சாயத்தை இருவரும் இன்றுவரை தீர்க்கவில்லை.

என் பஞ்சர் கடைக்கு நேர் எதிரே அவருடைய தகர ஷெட். அறுவடை முடிந்ததும் சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்கள் டிராக்டர், விதைக்கும் கருவி, கதிர் அறுக்கும் பெரிய மிஷின் எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். அடுத்த பருவம் வரை அவை தூங்கும். தூங்கும் வண்டிக்கு எமன் எலிதான். இருட்டாக, கதகதப்பாக ஓர் என்ஜின் கிடைத்தால் அங்கேயே குடித்தனம் நடத்தி, குட்டி போட்டு, வயரையெல்லாம் கடித்துத் துப்பிவிடும்.

பூனையக்காவின் ஷெட்டில் அது நடக்காது. உள்ளே வரும் வண்டியில் ஒரு மணி தானியம் இருக்கக்கூடாது. கம்ப்ரஸர் காற்றடித்து, மூலை முடுக்கையெல்லாம் ஊதித் தள்ளுவார். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவார். புகைக்குழாய், காற்று இழுக்கும் குழாய், சுண்டு விரல் நுழையும் ஓட்டை எதுவானாலும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை வைத்து அடைப்பார். துணி வைக்கவே மாட்டார். துணி வைத்தால் எலிக்கு மெத்தை தைத்துக் கொடுத்த மாதிரி என்பார். ஷெட்டுக்குள் யாரும் ஒரு பிஸ்கட்கூடக் கொண்டுபோகக்கூடாது. அதனால் அக்காவும் அவர் தம்பியும் மதியச் சாப்பாட்டுக்கு என் கடை பெஞ்சுக்குத்தான் வருவார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அடைத்த ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சிவப்புத் துணியை ஸ்டீயரிங்கில் கட்டுவார். வண்டியை எடுக்கும் நாளில் ஓர் அடைப்பை உருவினால் ஒரு துணியை அவிழ்க்க வேண்டும். துணி ஒன்று பாக்கியிருந்தாலும் சாவியைத் திருப்பக்கூடாது. அடைப்போடு ஸ்டார்ட் பண்ணினால் கம்பி நார் என்ஜினுக்குள் போய் எல்லாவற்றையும் நாசமாக்கிவிடும். அவசரத்துக்கு அவிழ்க்க வசதியாக அவர் போடும் முடிச்சு, வலப்பக்க நுனியை இழுத்தால் சட்டென்று கழன்றுவிடும்.

தம்பியைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. அம்மா போனபோது அவனுக்குப் பால் பல்கூட விழவில்லை. ஊட்டி வளர்த்தது, படிக்க வைத்தது, மெக்கானிக் வேலை பழக அனுப்பியது எல்லாம் அக்காதான். அவனுக்கு இடதுகைப் பழக்கம். ஷூ கயிறு கட்டச் சொல்லிக் கொடுத்தே அக்கா களைத்துப் போனாராம். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாம் மாறித்தான் விழுமாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஷெட்டின் இன்னொரு சாவி அவனிடம்தான் இருந்தது. சொந்தத் தம்பியிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பார்?

இந்த வருஷம் வண்டிகளையெல்லாம் அடைத்துத் துணி கட்டி முடித்த கையோடு அக்காவுக்குக் கண் ஆபரேஷன். டவுனில் மகள் வீட்டில் தங்கிவிட்டு, கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். தூசியில் நிற்கக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஷெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உட்கார் என்றான் தம்பி. இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பியா என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

பருவம் தொடங்கியதும் கதிர் அறுக்கும் மிஷினின் சொந்தக்காரர் வந்தார். பெரிய மனுஷர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். தம்பி என்ஜின் மூடியைத் தூக்கினான். குப்பென்று எலி மூத்திர வாடை. பஞ்சும் துணியுமாக ஒரு கூடு, அதற்குள் கண் திறக்காத குட்டிகள். வயர்கள் பல் தேய்க்கும் குச்சி மாதிரி நுனி நுனியாகப் பிய்ந்து கிடந்தன. வண்டி ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரும் வயரோடு செத்துப் போயிருந்தது. தானியத் தொட்டிக்குள் கையை விட்டால் பிடி பிடியாகத் தானியம் வந்தது.

அவர் கோபப்பட்டிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். வயலில் கதிர் முற்றி நிற்கிறது, உங்களை நம்பித்தானே விட்டேன் என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் தம்பி முன்னால் வந்தான்.

"அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க சார். கண்ணும் சரியில்ல, வயசும் ஆயிடுச்சு, தொட்டியக் காலி பண்ண மறந்துடுச்சு. இனிமே ஷெட்ட நானே பாத்துக்கறேன்" என்றான்.

வயரிங் ஆள் மறுநாள்தான் வர முடியும் என்றதும் எல்லாம் அப்படியே நின்றது. அன்று சாயங்காலம் அக்கா என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தொட்டியை ஊதிய ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது போன வருஷமோ என்னவோ என்றார். விரலை மடக்கி மடக்கி, முதலில் என்ன செய்தேன், பிறகு என்ன செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பாதியில் குழம்பினார். இத்தனை வருஷத்தில் அவர் குழம்பி நான் பார்த்ததில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நெசமாவே மறந்துட்டேனாண்ணே? எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு. நல்லவேளை, தம்பி பேசி மானத்தக் காப்பாத்தினான்" என்றார்.

மறுநாள் காலை மிஷினின் டயருக்குக் காற்று நிரப்ப நான் ஷெட்டுக்குள் போனேன். சொந்தக்காரர் வாசலில் நின்று வயரிங் ஆளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி என்ஜினுக்கு அடியில் படுத்து அடைப்புகளை உருவிக்கொண்டிருந்தான். சும்மா இருக்க முடியாமல் அக்கா மேலே ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சிவப்புத் துணி அவிழ்ப்பதற்குக் கண் எதற்கு? எங்கேயோ பார்த்தபடி முதல் துணியின் வலப்பக்க நுனியை இழுத்தார்.

அவிழவில்லை. இன்னும் இறுகியது.

அடுத்த துணியை இழுத்தார், அதுவும் இறுகியது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். மூன்றாவது துணியின் இடப்பக்க நுனியை மெதுவாக இழுத்தார். சட்டென்று கழன்று வந்தது. கீழே இருந்த எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஸ்டீயரிங்கில் இருந்த அத்தனை முடிச்சும் மாறி விழுந்த முடிச்சு. ஒருவன் அவ்வளவையும் அவிழ்த்திருக்கிறான், அடைப்பையெல்லாம் உருவி வண்டியை ஓட்டியிருக்கிறான், பிறகு மறுபடி கட்டியிருக்கிறான்.

அக்கா கீழே இறங்கி வந்தார். அந்தத் துணியைத் தம்பியிடம் நீட்டினார். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சொன்னான். அக்கா டவுனில் இருந்தபோது வேறு பக்கத்தில் அறுவடை நடந்ததாம், வாடகைக்கு மிஷின் கேட்டார்களாம். ஓடிய நேரம் ஏறாமலிருக்க மீட்டர் வயரைக் கழற்றிவிட்டு ஷெட்டின் பின்கதவு வழியாக ஓட்டிப் போயிருக்கிறான். திருப்பிக் கொண்டுவந்தபோது தொட்டியைச் சுத்தம் செய்யப் பொறுமையில்லை. கம்பி நாரைத் தேடச் சோம்பல்பட்டு, கையில் கிடைத்த பழந்துணியைத் திணித்திருக்கிறான். முன்பக்கம் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஜாக்கி லிவரைக் கையில் எடுத்துவிட்டேன். அக்கா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், கீழே வைத்தேன்.

"கொஞ்ச நாள்தான்க்கா. சும்மா நின்னுட்டிருந்த மிஷின்தானே" என்றான்.

"மிஷின விடு. நான் மறந்துட்டேன்னு சொன்னியே, நானும் அத நம்பிட்டேனேடா" என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. "எலிக்குப் பசி, அது கடிச்சுது. உன்ன நான் என்னைக்காவது பசிக்க விட்டிருக்கேனா?"

அக்கா கையை நீட்டினார், அவன் சாவியைக் கொடுத்தான். அவர் நேராக வாசலுக்குப் போய், சொந்தக்காரரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தம்பி பெயரையும் சொன்னார். நான் மறக்கவில்லை சார் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். சொந்தக்காரர் உள்ளே வந்து மிஷினை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அடுத்த வருஷமும் மிஷின் இங்கேதான் நிற்கும், ஆனால் அவன் இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார். தம்பி அதற்குள் பின்கதவு வழியாகப் போய்விட்டிருந்தான்.

மறுநாள் மதியம் அக்கா வழக்கம்போல் சாப்பாட்டுப் பையோடு என் கடைக்கு வந்தார். ஷெட் நிலவரம், வயரிங் ஆள் சொன்னது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே டப்பாக்களை எடுத்து வைத்தார். தட்டுகளை எடுத்து பெஞ்சில் வைத்து, தன் தட்டில் போட்டுக்கொண்டு, தம்பி உட்காரும் இடத்தில் வைத்த தட்டிலும் போட ஆரம்பித்தார். அப்படியே கை நின்றது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"பாருங்கண்ணே, இப்பதான் நெசமாவே மறந்துட்டேன்" என்றார்.