தொலைக்காட்சியில் வந்த சாவுச் செய்தி

நீலகிரிப் படுகர்கள் பேசும் படுகு மொழிக்கென்று ஒரு தொலைக்காட்சி இன்று காலை தொடங்கியது. குன்னூரில் என் பக்கத்து வீட்டு மாதி, தம் மொழியின் முதல் செய்தியைக் கேட்க என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

செய்தியின் முடிவில் இறப்பு அறிவிப்பு. திரையில் கோத்தகிரியிலிருந்த அவருடைய பெரியம்மாவின் படம்.

மாதி எழுந்துபோய், அவர்கள் பெண்கள் சாவுக்கு உடுத்தும் வெள்ளை முண்டு உடுத்தி வந்தார். ஆனால் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

"கிளம்பலையா மாதி?"

"ஆள் வந்து சொல்லாம எப்படிங்க டீச்சர் போறது? எங்க ஊட்டு வழக்கம் அப்படி."

"இப்பத்தானே சொன்னாங்க?"

"அது ஊருக்கே சொன்னதுங்க. எனக்குச் சொல்லலையே."

பெரியம்மாவின் மகனுக்கு போன் போட்டார். "அதான் டிவில வந்துடுச்சே, இன்னும் எதுக்கு ஆளு?" என்றாராம் அவர். இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே பட்டது, தொல்லையே அதுதான்.

கடைசியில் மாதி சொன்னார்: "டீச்சர், நீங்க வெளிய போயி, கதவத் தட்டி, வந்து சொல்லுங்க."

இந்த வயதில், மழையில், வெளியே போய்க் கதவைத் தட்டினேன். "மாதி, உங்க பெரியம்மா தவறிட்டாங்க."

அதன் பிறகுதான் அழுதார். அடுத்த பேருந்தில் போய்விட்டார்.

தம் மொழிக்கென்று ஒரு தொலைக்காட்சியே வந்த நாளில், அம்மொழியில் ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியாத என் வாயால்தான் அவருக்கு அந்தச் சாவு நடந்தது. எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியவர்கள் எழுதுங்கள், ஆறுதல் வேண்டாம், விளக்கம் போதும்.